முட்டுக்கட்டை போடுகிறவர்

கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு சித்திரம் உண்டு. உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் முகமறியாத ஒருவர் ஒரு குறையைக் காண்கிறார்; திருத்துகிறார்; அனுப்புகிறார்; அது எல்லோருக்கும் பயன்படுகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். அழகான சித்திரம்தான். ஆனால் அதில் ஓர் ஆளைக் காணவில்லை. வந்த திருத்தத்தை வரிவரியாக வாசித்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிறவர் அவர். தேரின் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் படம் எடுக்கிறோம். சக்கரத்தின் அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. தேர் தெருமுனையில் திரும்புவதும், வீட்டுத் திண்ணையில் ஏறாமல் நிற்பதும் அவரால்தான். ஆனால் நம் பேச்சில் 'முட்டுக்கட்டை' என்பது வசைச் சொல்லாகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த வசைக்கு எதிரானது.

திறமூலத் திட்டம் ஒன்றின் தரத்தை அதற்கு எத்தனை பேர் எழுதினார்கள் என்பது தீர்மானிப்பதில்லை. வந்தவற்றில் எவை, யாரால், என்ன காரணம் சொல்லி மறுக்கப்பட்டன என்பதே தீர்மானிக்கிறது. இதுவே என் கட்சி. சான்றுக்கு அரட்டை வழங்கிகளை எடுத்துக்கொள்கிறேன். சொற்செயலியில் நுழைந்த பிழை ஒருவருடைய கோப்பைக் கெடுக்கும். அரட்டை வழங்கியில் நுழைந்த பிழையோ இருவர் தமக்குள் பேசியதை மூன்றாமவர் காதில் போடும். ஆகவே இங்கே வாசிப்பவரின் பொறுப்பு கூடுதல்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் எழுதியது ஐஆர்சி. அதன் நெறிமுறை 1993 மே மாதத்தில் ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணமாக வெளியானது. 1999ல் ஜெரமி மில்லர் ஜாபர் திட்டத்தை அறிவித்தார். 2002ல் அலெக்ஸி ஷெப்பின் எர்லாங் மொழியில் ஈஜாபர்டு என்ற வழங்கியைத் தொடங்கினார். 2009ல் பிறந்த வாட்ஸப் தன் வழங்கியை முதலில் இந்த ஈஜாபர்டின் மேல்தான் கட்டியது. பின்னர் பெரிதும் மாற்றி எழுதிக்கொண்டது. 2014ல் ஃபேஸ்புக் அதை 1900 கோடி டாலருக்கு விலை பேசியபோது உலகமே வாய்பிளந்தது. அந்த அடித்தளத்துக்கு வந்த திருத்தங்களை முன்னிரவுகளில் உட்கார்ந்து வாசித்து, பாதியைத் திருப்பியனுப்பியவர்களை நினைக்க யாருக்குத் தோன்றும்?

நிரலாளர்கள் 'பேட்ச்' என்று வழங்கும் சொல்லுக்கு ஒட்டு என்றே பொருள். துளைநாடாக் காலத்தில் பிழையான துளையின் மேல் உண்மையாகவே காகிதத்தை ஒட்டினார்கள். 1985ல் லாரி வால் எழுதிய பேட்ச் என்னும் சிறு நிரல், இரண்டு பிரதிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி மற்றவர் தம் பிரதியில் பொருத்திக்கொள்ள வழிசெய்தது. ஓர் ஏட்டை முழுதாகப் படியெடுத்து அனுப்பாமல் பாடவேறுபாட்டை மட்டும் அனுப்புவதற்கு ஒப்பானது இது. பாடவேறுபாட்டை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்க ஒரு பதிப்பாசிரியர் வேண்டும் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாசிப்பு என்றால் என்ன என்பதைக் காட்ட ஒரு கற்பனைத் திருத்தத்தை முன்வைக்கிறேன். அரட்டை அறைக்குள் புதிதாக நுழைகிறவருக்கு, அதற்கு முன் பேசப்பட்ட கடைசி 100 செய்திகளைக் காட்டும் வசதி. இருபது முப்பது வரிகளில் எழுதிவிடலாம். பயனுள்ளது, பலர் கேட்டது, சோதனைகளும் தேறுகின்றன. ஏற்றுக்கொள்வதில் என்ன தடை?

நல்ல வாசகர் கேட்கும் கேள்விகள் இவை. அறையிலிருந்து விலக்கப்பட்டவர் வேறு பெயரில் நுழைந்தால் அவருக்கும் இந்த 100 செய்திகள் போகுமா? எழுதியவர் அழித்துவிட்ட செய்தி இந்தச் சேமிப்பிலிருந்தும் அழியுமா? இரண்டு வழங்கிகளுக்கு இடையே இணைப்பு அறுந்து, மறுபடி கூடும்போது ஓர் அறைக்குள் 1000 பேர் ஒரே நொடியில் திரும்பி வந்தால், 1000 பேருக்கு 100 என்று 1,00,000 வரிகளை வழங்கி அந்த நொடியில் அனுப்ப வேண்டிவருமே, தாங்குமா? கடைசிக் கேள்வி நிரலிலேயே இல்லாதது. இந்த அறையில் இதுவரை பேசியவர்கள், பின்னால் வருபவர் கேட்பார் என்று அறிந்தா பேசினார்கள்? ஐஆர்சியின் பழைய வழக்கப்படி, அறையில் அப்போது இல்லாதவர் காதில் அங்கு பேசியது விழாது. அதை நம்பிப் பேசியவர்களின் நம்பிக்கையை முப்பது வரித் திருத்தம் ஒன்று ஓசையில்லாமல் எடுத்துவிடுகிறது. எந்த வரியிலும் பிழை இல்லை. ஆனாலும் அந்தத் திருத்தம் அப்படியே உள்ளே போகக் கூடாது.

இதைச் சொல்பவரைத்தான் முட்டுக்கட்டை என்கிறோம்.

*

முதல் எதிர்க்கட்சியினர் 'பல கண்கள்' கட்சியினர். எரிக் ரேமண்ட் 1997ல் முன்வைத்த வாதம் இவர்களுக்கு மறை. மூலநிரல் திறந்து கிடந்தால் பார்க்கும் கண்கள் பெருகும், கண்கள் பெருகினால் பிழை ஒளிய இடமிராது என்பது அதன் சாரம். திறந்து கிடப்பதற்கும் வாசிக்கப்படுவதற்கும் உள்ள தூரத்தை இந்த வாதம் கணக்கில் எடுப்பதே இல்லை. நூலகத்தில் புத்தகம் இருப்பதால் ஊர் படித்துவிட்டதாக யாராவது சொல்வார்களா?

அரட்டை வழங்கிகளின் வரலாற்றிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. அன்ரியல் ஐஆர்சிடி பரவலாகப் பயன்பட்ட திறமூல வழங்கி. அதன் 3.2.8.1 பதிப்பின் மூலப்பொதியை, பதிவிறக்கத் தளங்களில் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று 2010 ஜூன் 12 அன்று அந்தத் திட்டத்தினரே அறிவித்தார்கள். மாற்றம் நடந்தது 2009 நவம்பர் வாக்கில். மாற்றப்பட்ட பொதியில் ஒரு புறக்கடை வாசல் இருந்தது. குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் வரியை அனுப்பினால் போதும், வழங்கி ஓடும் கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்கலாம். கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. சுமார் 7 மாதம் இந்தப் பொதி உலகெங்கும் இறங்கிக்கொண்டிருந்தது. அது இருமக் கோப்பு அல்ல, எல்லோரும் படிக்கக்கூடிய மூலநிரல். அந்தப் பல கண்கள் அப்போது எங்கே போயிருந்தன?

அது மதிப்பாய்வின் வழியாக வந்த திருத்தம் அல்லவே என்று நண்பர்கள் குறுக்கிடலாம். சரியான குறுக்கீடு, ஆனால் என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. திட்டத்தின் மூலக் களஞ்சியம் தூய்மையாகவே இருந்தது. அங்கே வாசிக்கும் ஆள் இருந்தார். பொதி வைக்கப்பட்ட இடத்தில் வாசிக்கும் ஆள் இல்லை. திருடன் ஆள் இல்லாத வாசலைத் தேர்ந்தெடுத்தான். அதன் பிறகு அந்தத் திட்டத்தினர் தம் வெளியீடுகளுக்கு மின்கையொப்பம் இட்டார்கள். திறந்திருப்பது காவல் ஆகாது. பெயரிட்டுப் பொறுப்பேற்கும் ஒருவர் இருப்பதே காவல் என்ற பாடத்தை அவர்கள் பட்டுத்தான் கற்றார்கள்.

*

இரண்டாம் கட்சியினர் 'சோதனை தேறிவிட்டது' என்பவர்கள். தானியங்கிச் சோதனைகள் பச்சை விளக்குக் காட்டினால் போதும், மனிதர் எதற்கு என்பது இவர்கள் கேள்வி. சோதனையை எழுதியவர் யார் என்று பதிலுக்குக் கேட்க வேண்டும். பெரும்பாலும் திருத்தத்தை எழுதியவரே. தாமே வினாத்தாளும் தயாரித்து, தாமே விடையும் எழுதி, தாமே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வதைப் பரீட்சை என்று எப்படிச் சொல்வது?

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு. ஐஆர்சியின் ஒரு செய்தி வரி, முடிவுக் குறிகள் இரண்டையும் சேர்த்து 512 பைட்டுகளைத் தாண்டக் கூடாது என்று ஆர்எஃப்சி 1459 விதிக்கிறது. மிஞ்சுவது 510. அதிலும் அனுப்புநர் பெயர், அறையின் பெயர் முதலியவை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. 'கோ' என்ற ஒற்றை எழுத்தில் ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடுகள், ஆக 6 பைட்டு. நீண்ட வரியை 510ஆம் பைட்டில் வெட்டும் திருத்தம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதிய சோதனைகள் எல்லாம் தேறும். தமிழில் கடைசி எழுத்து பாதியில் அறுபட்டுக் கேள்விக்குறியாகிவிடும். இதைக் கண்டவர், பைட்டில் வெட்டாதே, குறியீட்டின் எல்லையில் வெட்டு என்பார். அப்போதும் தீராது. எல்லை பார்த்து வெட்டினாலும் 'கோ' தன் குறியை இழந்து 'க' என்று நிற்கும். 'க்' தன் புள்ளியை உதிர்த்து 'க' ஆகும். குறியாக்கம் சரி, எழுத்து தவறு. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனையை எழுத வேண்டுமானால், அப்படி ஒரு பிழை இருக்க முடியும் என்று முதலில் ஒரு மனிதருக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றுவதற்குப் பெயர்தான் வாசிப்பு.

கருவிகளின் எச்சரிக்கையை அடக்குவதே திருத்தம் என்று கொண்டதால் வந்த பெருங்கேடு ஒன்று பதிவாகியிருக்கிறது. 2006ல் டெபியன் இயங்குதளத்தின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி முணுமுணுத்த இடத்தில் நிரலை முடக்கினார்கள். மாற்றியவர் முன்கூட்டியே மின்மடலில் கேட்கவும் செய்தார், ஆட்சேபமும் எழவில்லை. முணுமுணுப்பு அடங்கியது. அதோடு சாவிகளை உருவாக்கும் இடத்துக்குப் போய்ச்சேர வேண்டிய தற்போக்குத்தன்மையும் அடங்கிவிட்டது. ஒரு கணினி வகையில், ஒரு சாவி நீளத்துக்கு 32,768 சாவிகள்தாம் சாத்தியம் என்ற நிலை. எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே 13 அன்று அறிவிக்கப்படும் வரை, சற்றேறக்குறைய இருபது மாதம் இந்த நிலை நீடித்தது. கருவிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கேள்வி கேட்கப்பட்டது; ஆனால் மாற்றப்படும் வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு, இது எதற்காக இங்கே இருக்கிறது என்று வாசித்தவர் இல்லை.

இன்று எந்திரமே நிரல் எழுதுகிறது. எழுதும் செலவு ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. வாசிக்கும் செலவு அப்படியே இருக்கிறது. கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், எந்திரம் புனைந்த பொய்யான பாதுகாப்புப் புகார்கள் தம் நேரத்தை விழுங்குவதாக 2024 ஜனவரியிலேயே எழுதினார். ஒரு நிமிடத்தில் உற்பத்தியானதை மறுக்க ஒரு மாலைப்பொழுது வேண்டியிருக்கிறது. எந்திரம் எழுதியதை எந்திரமே வாசித்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். வாசிக்கட்டும், தடையில்லை. நாளை அரட்டை அறையின் பேச்சு ஒன்று வெளியே கசிந்தால், எதற்காக இதை உள்ளே விட்டாய் என்று நாம் யாரைக் கேட்பது?

*

மூன்றாம் கட்சி எனக்கு மனத்தளவில் நெருக்கமானது. ஆகவே அதனோடு மோதுவது கடினம். மதிப்பாய்வு என்பது வாயிற்காவல், உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களைத் தடுக்கும் தந்திரம் என்பது இவர்கள் குற்றச்சாட்டு. இதில் உண்மை உண்டு. நார்த்கோட் பார்கின்சன் 1957ல் வெளியான தம் நூலில் ஒரு குழுவைக் காட்டுகிறார். அணு உலைக்கான செலவை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிடும் அந்தக் குழு, மிதிவண்டிக் கொட்டகைக்கு முக்கால் மணிநேரம் வாதாடும். தமக்குப் புரிந்ததில்தானே கருத்துச் சொல்ல முடியும். மதிப்பாய்வாளர்கள் பலர் இந்தக் கொட்டகைக்காரர்கள். வரியின் முன் எத்தனை இடைவெளி, மாறிக்கு என்ன பெயர் என்று நாற்பது குறிப்பு எழுதுவார்கள். விலக்கப்பட்டவர் திரும்பி வந்தால் என்னவாகும் என்ற கேள்வி மட்டும் வராது. இன்னும் சிலர் பதிலே சொல்ல மாட்டார்கள். மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, காலாவதியாகிவிட்டது என்று மூடுவார்கள். எழுதியவரை அவமதிக்க மௌனத்தைவிடக் கூர்மையான கருவி கிடையாது. மறுப்புக்குக் காரணம் சொல்லக் கடமைப்படாதவர் மதிப்பாய்வாளர் ஆக மாட்டார். அவர் வெறும் பூட்டு. இவர்களை நான் காக்க வரவில்லை.

ஆனால் வாசல் விரிய வேண்டும் என்ற நியாயமான குரலை, வாசிக்காமலே உள்ளே விடு என்ற குரலாக மாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரட்டை வழங்கி அல்லாத ஒரு திட்டத்தின் கதை இது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கநிரலை லாஸே காலின் என்ற தனி மனிதர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2022ல் முன்பின் தெரியாத சில பெயர்கள் மின்மடல்களில் அவரை நெருக்கின. திருத்தங்கள் தேங்குகின்றன, உனக்கு அக்கறை போய்விட்டது, வேறொருவரிடம் ஒப்படை என்பதே அவற்றின் தொனி. முன்போல் தம்மால் இயலவில்லை என்று அவர் மறைக்காமல் சொன்னார். அதற்குள் 2021 முதல் பணிவாகத் திருத்தங்கள் அனுப்பிவந்த 'ஜியா டான்' என்ற பெயர் அருகில் வந்து, பிறகு உள்ளேயும் வந்து, வெளியிடும் உரிமையையும் பெற்றது. 2024ன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறக்கடை வாசல் வைக்கப்பட்டது. அதைத் திறந்துவிடும் துண்டு களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. அன்ரியலில் நடந்தது போலவேதான். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் அதை வெளிப்படுத்தினார். தொலைக்கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாகிறதே, ஏன் என்று அவர் விடாமல் தேடியதில் அது சிக்கியது.

இந்தக் கதையில் என்னை உறங்கவிடாதது புறக்கடை வாசல் அல்ல, அந்த மின்மடல்கள். அவற்றிலுள்ள வாக்கியங்களை நாம் எல்லோரும் எங்கேயோ எழுதியிருக்கிறோம். 'எவ்வளவு நாள்தான் காத்திருப்பது', 'செய்ய முடியாவிட்டால் விலகிக்கொள்' என்று. நம் பொறுமையின்மை எதிரிக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கருவி என்பது நமக்குத் தெரியாமல் இருந்தது, எதிரிக்குத் தெரிந்திருந்தது.

*

மதிப்பாய்வு நடந்தும் பிழை நுழைந்ததில்லையா? நுழைந்திருக்கிறது. ஹார்ட்பிளீட் அப்படி வந்ததுதான். ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வந்த அந்தத் திருத்தத்தை ஒருவர் வாசித்து 2011 டிசம்பர் 31 இரவு ஏற்றுக்கொண்டார். கேட்பவர் இத்தனை நீளம் என்று சொன்னதை, உண்மையில் வந்த நீளத்தோடு ஒப்பிடாமல் விட்டது பிழை. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை வெளியே சிந்தியது. 2014 ஏப்ரல் 7 வரை யாரும் வெளியே சொல்லவில்லை. அந்த ஓபன்எஸ்எஸ்எல்லை நம்பித் தம் பேச்சை மறையாக்கிய அரட்டை வழங்கிகளும் இதில் அடக்கம். உலக வணிகத்தின் பெரும்பகுதியைத் தாங்கிய அந்தத் திட்டத்துக்கு அதற்கு முன் ஆண்டுக்குக் கிடைத்துவந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டாலர். புத்தாண்டுக்கு முந்தைய இரவில் தனியாக உட்கார்ந்து வாசித்த ஒருவர் ஒரு வரியைத் தவறவிட்டார் என்று குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டாவது வாசகரை அமர்த்தாமல் அந்த நிரலின் மேல் கோபுரம் எழுப்பியவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை எளியவை. வாசிப்பையும் வேலையாகக் கருதி ஊதியம் கொடுங்கள். புது வசதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை மறுக்கும் மனிதருக்கும் ஒதுக்குங்கள். திருத்தம் அனுப்புகிறவர் அதை முதலில் தாமே அந்நியர் கண்ணால் வாசித்துவிட்டு அனுப்பட்டும். 2015 முதல் திறமூலமாக இருக்கும் ஜூலிப் என்ற அரட்டைத் திட்டம் இதைப் பங்களிப்பாளர்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறது. ஒவ்வொரு மாற்றமும் தனித்து நிற்கும் ஒரே கருத்தாக இருக்க வேண்டும் என்கிறது. வாசிப்பவர் மேல் காட்டும் மரியாதை அது. கடைசியாக, வாசித்தவரின் பெயரை எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் பொறியுங்கள். லினக்ஸ் கருநிரலின் வரலாற்றில், மதிப்பாய்ந்தவர் இன்னார் என்று ஒரு வரி சேர்க்கும் வழக்கம் உண்டு. அரட்டை வழங்கிகளின் வெளியீட்டுக் குறிப்புகள் எத்தனையில் அது இருக்கிறது என்று தேடிப்பாருங்கள்.

இது நமக்கு அந்நியமான வழக்கமும் அல்ல. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் நூலாசிரியரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது அந்நூல் என்று பனம்பாரனார் பதிவுசெய்கிறார். அந்த ஆசான் என்னென்ன கேள்விகள் கேட்டார் என்று பாயிரம் சொல்லவில்லை. எவற்றை மறுத்தார் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பெயர் நிற்கிறது. கேட்டவரின் பெயரும் இல்லாமல் நூலின் பெருமை நிறைவடையாது என்று அன்று எண்ணியிருக்கிறார்கள்.

நீங்கள் பயன்படுத்தும் அரட்டை வழங்கியில் இன்றும் ஒரு திருத்தம் வந்து காத்திருக்கும். யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து, சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதை வாசித்துக்கொண்டிருப்பார். 'இது இப்படியே ஆகாது, காரணங்கள் கீழே' என்று அவர் எழுதினால் கோபப்படாதீர்கள். உங்கள் பேச்சு உங்களோடு நிற்பதற்காகத்தான் அவர் அதை எழுதுகிறார்.